இருபத்தேழாம் எண் மனையில் ஒரு மரம்

சூசையப்பர் தெரு, கோரைக்கேணி ஏரிக்கரை,
கிழக்குத் தாம்பரம்.
16 ஜூன் 2025

திரு. ச. அன்பு அவர்களுக்கு,

சவுரிமுத்து மகள் ஜான்சி எழுதுவது. உங்களுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தது நினைவிருந்தால் மேற்கொண்டு படிக்கவும். நினைவில்லை என்றாலும் படிக்கவும். விஷயம் அவசரம்.

போன் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவைக் குழியில் இறக்கிய அன்று, இனி உங்கள் குரலையே கேட்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பெங்களூரில் நீங்கள் வேலை செய்யும் கம்பெனி விலாசத்தை ஏஞ்சல் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஏஞ்சல் என் மகள். பதினாறு வயது. நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது நாலு.

ஏரியை மறுபடி அளந்திருக்கிறார்கள். 2014க்கு முன்னால் கட்டிய வீடு என்று ஆதாரம் காட்டினால் அந்த வீடு இருக்கலாம். காட்ட முடியாத வீட்டை எடுத்துவிடுவார்கள்; குடியிருப்பவர்களுக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் இடம். விசாரணை ஜூலை 18, வெள்ளிக்கிழமை. எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு, ஒருவரிடமும் காகிதம் கிடையாது. கரண்ட் பில்லும் ரசீதும் ரேஷன் கார்டும் 2015 வெள்ளத்தில் போயிற்று. அந்த வெள்ளத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். வாக்காளர் பட்டியலில் எல்லோருக்கும் 'ஏரிக்கரை' என்றுதான் இருக்கிறது. கதவெண் போட்டதே 2019இல். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கலாம் என்றால் தென்னையும் வேம்பும் கூரைகளை மூடிக்கொண்டு நிற்கின்றன.

இந்த நிலைமையில்தான் ஏஞ்சல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவளுடைய தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. அதில் தாம்பரம் என்று தேடினால் நீங்கள் செய்த ஊர் வருகிறது. ஆகஸ்ட் 2013இல் இணையத்தில் ஏற்றியதாகத் தேதியும் உங்கள் பெயரும் போட்டிருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோடு, ரயில்வே பாலம், நம் கோயில், தண்ணீர் டேங்க், தெருவில் கொடி கட்டிக் காயப்போட்ட துணி வரை இருக்கிறது. மூன்று முறை ஏரிக்குள் விழுந்தேன், ஓட்டியது நான்தான். நம் வீட்டுப் பக்கம் ஒரு மரம் மறைத்துக்கொண்டிருந்தது. மற்றபடி ஒவ்வொரு வீடும் அதன் சுவரோடும் கதவோடும் அப்படியே நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

எங்கள் வக்கீல் தீபலட்சுமி அந்தப் படங்களை அச்சடித்து, விசாரணை நடத்தும் ஆபீசில் கொடுத்துவிட்டார். முதலில் சிரித்தார்களாம். தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். செய்தவர் ஒரு அஃபிடவிட் கொடுத்தால் ஏற்கலாம் என்கிறார்கள். 'தெருவில் நேரில் நடந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி செய்தேன்' என்று ஒரு பக்கம். தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
ஜான்சி
செயலாளர், சூசையப்பர் தெரு நலச் சங்கம்


பெங்களூரு
21 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஆபீஸ் வரவேற்பில் கொடுத்தார்கள். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். 'நீங்கள்', 'அவர்களுக்கு' என்றெல்லாம் நீ எழுதியிருப்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட முடியாது.

கோபப்படாதே. அது விளையாட்டுக்காகச் செய்தது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறவன் கீழே பார்த்தால் ஊர் ஊராகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த நாளில் மற்றவர்கள் செய்த சென்னையில் பல்லாவரம் மலைக்குக் கீழே ஓட்டுக் கூரை போட்ட வெளிநாட்டு பங்களாக்கள் வரிசையாக நிற்கும். அதைவிட என்னுடையது உண்மையாக இருந்தது என்று பேர் வாங்கியது. கோர்ட்டுக்கும் விசாரணைக்கும் தாங்குகிற உண்மை வேறு.

கொடுத்த படங்களைத் திரும்ப வாங்க முடியுமா என்று வக்கீலிடம் கேள். வேறு ஆதாரம் தேடலாம். கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்குமே? உனக்கு உதவ எனக்கு மனமில்லை என்று நினைத்துவிடாதே.

ஏஞ்சலுக்கு என் அன்பு. அவளுக்கு என்னைத் தெரியுமா?

அன்பு


கோரைக்கேணி
25 ஜூன் 2025

அன்பு,

நீ, வா, போ என்றே எழுதுகிறேன். மரியாதை தீர்ந்துவிட்டது.

கோயில் பதிவிலும் 'ஏரிக்கரை'தான். பார்க்காமலா உனக்கு எழுதுவேன்? படங்களைத் திரும்ப வாங்கவும் முடியாது. கோப்பில் நம்பர் போட்டுத் தைத்துவிட்டார்கள்.

நீ ஏன் இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறாம் எண்ணுக்காகத்தானே? நம் வீட்டுக்கு அடுத்த மனை. நீ இருந்த காலத்தில் அது காலி. அப்பா கலவை போடுவார், நீ அங்கே சைக்கிள் கற்றாய். இப்போது அங்கே தனம் இருக்கிறாள். வெள்ளம் வந்து அடையாற்றங்கரைக் குடிசை போய், 2016 ஜனவரியில் இரண்டு பிள்ளைகளோடு வந்து ஷீட் போட்டாள். பிறகு சுவர் எழுப்பினாள். உன் விளையாட்டில் அந்த மனையில் 2013லேயே ஒரு வீடு நிற்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். தெருவில் எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். தனம் மட்டும் அச்சடித்த படத்தை வாங்கிக் கிட்டக்க வைத்துப் பார்த்தாள். "பரவால்லக்கா, நான் வர்றதுக்கு முன்னாடியே எனக்கு வூடு கட்டி வச்சிகினு கீறாரு உன் தம்பி" என்று சிரித்தாள்.

அவள் யார் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் எனக்கு நர்சிங் ஹோமில் பகல் டியூட்டி. என் வீட்டுக்காரருக்குப் பொத்தேரி ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை, விடியற்காலையே போய்விடுவார். அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தது, புரட்டிப் படுக்க வைத்தது, துணி மாற்றியது எல்லாம் தனம். சேலையூரில் மூன்று வீட்டில் வேலை செய்துவிட்டு வந்து இதையும் செய்தாள். 2019இல் அவர் கண்ணை மூடியபோது கூட இருந்தவள் அவள். உனக்கு மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நாலாவது முறை செய்து, இறந்துவிட்டார் என்று மெசேஜ் போட்டேன். நீ படித்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டியது.

அவளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் சேலையூர் வேலை போகும். பிள்ளைகள் பள்ளி மாற வேண்டும். உனக்கு அப்பாவிடம் கோபம் இருக்கலாம். தனம் உனக்கு என்ன செய்தாள்?

கையெழுத்துப் போடு.

ஜான்சி


பெங்களூரு
30 ஜூன் 2025

அக்கா,

இருபத்தாறு மட்டும் என்றால் ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். எழுதித் தொலைத்துவிடுகிறேன், நீ உட்கார்ந்துகொண்டு படி.

நான் எப்போதும் போய் உட்காரும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை முதலாளியின் கேமராவை வாங்கி, தெருவில் ஒவ்வொரு வீட்டையும் முகப்பில் நின்று படம் எடுத்தேன். அந்தப் படத்தையே சுவராக ஒட்டினேன். அதனால்தான் எல்லாம் அப்படியே இருக்கிறது. முப்பது வீடு, நடுவில் ஒரே ஒரு காலி மனை. மேலிருந்து பார்த்தால் அந்த இடம் பல் விழுந்த வாய் போலத் தெரிந்தது. இணையத்தில் எவனாவது 'இங்கே ஒரு வீட்டை மறந்துவிட்டான்' என்று எழுதுவான் என்று நினைத்தேன். நம் வீட்டையே ஒரு நகல் எடுத்து அங்கே வைத்தேன். நீலக் கேட், நிலைப்படிக்கு மேலே அப்பா ஓட்டுச் சில்லு பதித்துச் செய்த சிலுவை, எல்லாம். தனம் அக்கா வீடு என்று நீங்கள் பார்த்தது நம் வீட்டின் முகம்.

அடுத்தது இன்னும் மோசம். எனக்கு வேலை போன அன்று அப்பா என் கம்ப்யூட்டரைத் தூக்கி ஏரியில் போட்டாரே, நினைவிருக்கிறதா? விளையாடிக் கெட்டுப்போகிறேன் என்று. ஆறு மாதமாக நான் செய்த ஊர் அதோடு போயிற்று என்று அவர் நினைத்தார். கடையில் பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. அன்றைக்கே ஊரை விட்டுப் போகப் பஸ் ஏறுவதற்கு முன் அங்கே உட்கார்ந்து, நம் வீட்டை அழித்தேன். எனக்கு இல்லாத வீடு எவனுக்கும் தெரியக் கூடாது என்று. வெற்றிடம் தெரியாமலிருக்க ஒரு மரத்தை வைத்தேன். அந்த விளையாட்டில் கிடைத்த மரங்கள் எல்லாம் குளிர்தேசத்து மரங்கள். அவசரத்தில் ஊசியிலை மரம் ஒன்றை நட்டுவிட்டேன். ஏற்றிவிட்டுப் போய் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து மனையில் நகல் இருப்பது மறந்தே போயிற்று.

நம் வீட்டை மரம் மறைக்கவில்லை அக்கா. மரத்துக்குப் பின்னால் வீடு இல்லை. உன் கையிலிருக்கும் ஆதாரப்படி 2013இல் சவுரிமுத்து வீடு என்று ஒன்று கிடையாது.

அன்றைக்கு எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருக்கிறது. நம் வீட்டுப் படத்தில் 14.4.2013. ஆனால் தெரு குறுகல், நேரே நின்று எடுக்க இடமில்லாமல் சாய்வாக எடுத்தேன். பாதிப் படத்தில் பக்கத்துக் காலி மனை. அதில் கலவைச் சட்டியோடு அப்பா நிற்கிறார்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அன்பு


கோரைக்கேணி
5 ஜூலை 2025

பாவி,

ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தேன். இந்த முறை தாழப் பறந்தேன். இருபத்தாறில் நம் சிலுவை அப்போதுதான் கண்ணில் பட்டது; முன்பு உயரத்திலிருந்து பார்த்ததில் தெரியவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏரிக்கரையில், தாம்பரத்து வெயிலில், கிறிஸ்துமஸ் மரம்! ஆபீசில் அந்தப் படத்தைப் பார்த்த கிளார்க் ஒருவர் "உங்க தெருவுல ஊட்டி மரம் வருமாம்மா?" என்று கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேனே. என் வீட்டுக் கல்லறை மேல் நின்று சிரித்திருக்கிறேன்.

அப்பா அந்த வீட்டைக் கட்டியது உனக்குத் தெரியும். கூலி வேலை முடித்து வந்து, நாளுக்கு இரண்டு வரி செங்கல். உன் கோபத்துக்கு ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டாய். ஏரியில் போட்டது ஒரு பெட்டிதானே அன்பு? அவர் மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினார், தெரியுமா? காலில் கண்ணாடி குத்தி மூன்று வாரம் நொண்டினார். உனக்குச் சொல்லக் கூடாது என்றார். இப்போது சொல்கிறேன், நன்றாக அனுபவி.

வக்கீலிடம் எதையும் சொல்லவில்லை. தனத்திடமும் சொல்லவில்லை. இன்னும் பதின்மூன்று நாள்தான். அழுதுகொண்டிருக்க நேரமில்லை, யோசித்துவிட்டேன். கேள்.

வேறு அஃபிடவிட் எழுது. 'குடும்பச் சண்டையில் இருபத்தேழாம் எண் வீட்டை மட்டும் வேண்டுமென்றே நீக்கிவிட்டேன், மற்றதெல்லாம் உள்ளபடி' என்று எழுது. இருபத்தாறைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அந்தப் போட்டோவைச் சரிபாதியாக வெட்டு. நம் வீடும் தேதியும் இருக்கட்டும், காலி மனை இருக்கக் கூடாது. ஒரு ஊரையே கட்டி வைத்தவனுக்கு ஒரு படத்தை வெட்டத் தெரியாதா? என் வீடும் இருக்கும், தனம் வீடும் இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? ஏரிக்கா?

இதையாவது செய்.

ஜான்சி


பெங்களூரு
11 ஜூலை 2025

அக்கா,

அப்பா ஏரியில் இறங்கியதைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். தேதி வலது மூலையில் இருக்கிறது, காலி மனைப் பக்கம். வெட்டினால் தேதியும் போகும், அப்பாவும் போவார். தேதியை இந்தப் பக்கம் நகர்த்தி ஒட்ட எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. ஒட்டவும் செய்தேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால்தான் அழித்துவிட்டேன்.

உனக்கு என் வேலை என்னவென்று தெரியாது. பயிற்சி விமானிகள் உட்கார்ந்து பழகும் சிமுலேட்டருக்கு ஊர் செய்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், ஓர் ஓடுபாதைக்கு அருகே வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் அழகுக்காக நாற்பது வீடு நிரப்பினேன். பழைய பழக்கம். எஞ்சின் நின்றுபோனால் எங்கே இறக்குவது என்று பழக வந்த ஒரு பெண், என் ஊரில் காலி இடமே இல்லை என்று பார்த்து, தூரத்தில் தெரிந்த வயலைத் தேடிப் போகப் பழகினாள். நிஜ விமானத்தில் முதல் தடவை சோதித்தபோதும் காலடியில் இருந்த பொட்டலை விட்டுவிட்டு அங்கேதான் திருப்பினாள். கூட ஆசிரியர் இருந்தார், ஒன்றும் ஆகவில்லை. அவர் எங்கள் ஆபீசுக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "இல்லாததை இல்லைன்னு காட்டுங்க சார், அதுவும் உங்க வேலைதான்." அன்றிலிருந்து நான் ஒரு குடிசையைக்கூடச் சொந்தமாக வைப்பதில்லை.

தனம் அக்காவைப் பற்றி நீ எழுதியதை மறக்கவில்லை. என் அப்பாவுக்கு நான் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அவருக்கு எதிராக என் கையெழுத்து போக வேண்டும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாதியை எழுதிக் கையெழுத்துப் போட என்னால் ஆகாது. ஒன்றைத் தவறு என்று ஒத்துக்கொண்டால் வேறு எத்தனை தவறு என்று கேட்பார்கள். அங்கே மாட்டினால் முப்பத்தொரு வீடும் போகும்.

இந்த உறையில் இரண்டு இருக்கின்றன. வெட்டாத போட்டோ. இரண்டு தவறையும் சொல்லும் அஃபிடவிட், நோட்டரி முத்திரையோடு. கொடுப்பதும் கொடுக்காததும் உன் முடிவு. நீ கொடுக்காவிட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அன்பு


கோரைக்கேணி
19 ஜூலை 2025

அன்பு,

உன் உறை செவ்வாய்க்கிழமை வந்தது. பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நீ கையைத் துடைத்துக்கொண்டாய். நியாயஸ்தன்! இந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீரும்போது சொல்கிறேன்.

போட்டோவில் அப்பா சிரிக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு எங்களிடம் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்லறைக்கு வைத்ததே ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அவர் முகத்தைப் பார்க்கிற சந்தோஷத்தில் காலி மனையை நான் முதலில் பார்க்கவே இல்லை. ஏஞ்சல்தான் காட்டினாள்.

நேற்று விசாரணை நடந்தது. உறையை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தனம் எனக்கும் சேர்த்துத் தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நேரமானால் எனக்குத் தலைசுற்றும் என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

வரிசையாகக் கூப்பிட்டார்கள். அதிகாரி படத்தைப் பார்ப்பார், பெயர் கேட்பார், டிக் போடுவார். உன் அஃபிடவிட் வராவிட்டாலும் இணையத் தேதி போதும் என்று வக்கீல் பேசி ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். இருபத்தாறு, தனம் என்றார். படத்தைப் பார்த்து டிக் போட்டார். தனம் என் கையைப் பிடித்து அழுத்தினாள், சில்லென்று இருந்தது. இருபத்தேழு என்றார். நான் எழுந்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க மரம்தானம்மா இருக்கு. வீட்டுக்கு வேற ஆதாரம் இருக்கா?" என்றார். வக்கீல் என்னையே பார்க்கிறார். "இல்லன்னா பெரும்பாக்கம்னு எழுதிடறேன்" என்று பேனாவை எடுத்தார்.

அப்போது தனம் எழுந்தாள்.

"சார், ஒரு நிமிட்டு. எழுதாத சார். அந்தாண்ட என் வூடுன்னு டிக்கு போட்டியே, அது என் வூடு இல்ல. நல்லா பாரு, நெலப்படி மேல சிலுவ கீது. நான் அங்காளம்மன கும்புடுறவ. என் வூட்ல சிலுவ எங்கேர்ந்து வரும்? அது இவங்க வூட்டு மூஞ்சி சார். எப்டியோ இடம் மாறிக்கினு கீது. நான் வந்தது வெள்ளத்துக்கு அப்பாலதான்."

"தெரிஞ்சுதான் சொல்றியாம்மா? உன் நம்பர் போயிடும்" என்றார் அவர்.

"தெரியும் சார். பெரியவரு கட்டின வூடு. என் கையாலதான் அவுருக்கு கஞ்சி ஊத்தினேன், அந்த வூட்லதான். இல்லன்னு எப்டி சார் எழுதுவ?"

படத்தைக் கிட்டக்க வைத்துப் பார்த்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் சொல்லாமல் வைத்திருந்தாள். சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் வந்திருப்பாள், பிள்ளை பெற்றவள்தானே.

அதற்குப் பிறகு நான் பையைத் திறந்தேன். போட்டோவையும் அஃபிடவிட்டையும் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார், தேதியைப் பார்த்தார், இருபத்தேழுக்கு டிக் போட்டார், இருபத்தாறை அடித்தார். மற்ற வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் ஐந்து நிமிடம்.

தனம் போட்டோவை எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள், காலி மனையைப் பார்த்தாள். "எப்பலேர்ந்துக்கா இத்த வச்சிகினு கீற?" என்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன். ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கேம்ப் ரோடு வரை திரும்பவே இல்லை. தயிர் சாதம் என் மடியில் இருந்தது.

தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், ஜான்சி தனத்துக்காகத்தான் போட்டோவைக் காட்டாமல் வைத்திருந்தாள் என்று. நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மையை எழுதுகிறேன். அவர் பேனாவை எடுத்தபோது என் விரல் ஜிப்பில்தான் இருந்தது. பாதி திறந்துவிட்டேன். அவள் எழுந்திருக்காவிட்டாலும் நான் கொடுத்திருப்பேன். அவள் எனக்காகத் தன் வீட்டை விட்டது வீண். வெட்கமாக இருக்கிறதடா. யாரிடம் சொல்வது இதை?

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை அவள் போகிறாள். ஆறாவது மாடி. கட்டில் லிஃப்டில் நுழையாது, தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இவருக்கு முதுகு வலி. நீ வருகிறாயா?

ஜான்சி


பெங்களூரு
23 ஜூலை 2025

அக்கா,

வருகிறேன். சனிக்கிழமை ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பழைய ஊரைத் திருத்தி ஏற்றலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். இருபத்தேழில் மரத்தை எடுத்துவிட்டு வீட்டை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. இருபத்தாறில் இருந்த வீட்டை அழித்தேன், ஒரு விசை, ஒரு நொடி. உடனே பயமாகிவிட்டது. ஏற்றாமல் மூடி வைத்துவிட்டேன்.

நீ ஜிப்பைத் திறந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். நீ செய்ய இருந்தது தப்பே இல்லை, அது உன் வீடு. ஆனால் தனம் அக்காவிடம் நீயே அதைச் சொல்லிவிடு. உண்மை கையில் இருந்தும் நாள்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியும். அப்பாவுக்காக நீ போன் செய்த நாளில் எடுத்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

இந்தக் கடிதத்தைத் தனம் அக்காவுக்கும் படித்துக் காட்டு. அந்த வீட்டை அங்கே வைத்தவன் நான், ஒரு காரணமும் இல்லாமல், பார்க்க அழகாக இருக்கும் என்று. அதை நம்ப வைத்து அவரை ஒரு மாதம் அலைக்கழித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அன்பு


கோரைக்கேணி
28 ஜூலை 2025

தம்பி,

நேற்று பூசை முடிந்து வந்து நேரே தனம் வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக என்னிடம் பேசவில்லை. வாசலில் நின்றபடியே ஜிப் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டாள். "தெரியும்க்கா. சத்தம் கேட்டுச்சி. அதுக்கப்பால தான் ஏந்தேன்" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தேற்றவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நீயே காட்டிக்கொடுத்தாய் என்று ஆகிவிட்டால் தெருவில் எப்படி இருப்பாய், அதனால் நானே சொல்லிவிட்டேன் என்றாள். எங்களுக்குள் இனி பழைய மாதிரி இருக்குமா என்று தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, பதில் தான் சொல்வதாகவும் நான் எழுத வேண்டும் என்றும் சொன்னாள். மாற்றாமல் எழுதுகிறேன்.

"தம்பி, மூஞ்சிய பாத்து நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு ஒண்ணும் அலைச்சல் இல்ல. நாப்பது வருசத்துல நான் இருந்த எடமெல்லாம், எப்ப காலி பண்ணுவேன்னு எவனாவது கேட்டுகினேதான் இருந்தான். நீ போட்ட வூட்ல ஒரு மாசம் இருந்தேன். யாரும் கேக்கல. நல்லா இருந்துச்சிப்பா. ஞாயித்துக்கெழம வெள்ளன வந்துடு, வெயில் ஏறிட்டா மாடி ஏற முடியாது."

ஜான்சி